ஹோங் வீட்டுச் சாவில் அலறிய ஸ்பீக்கர்

செத்துப்போன ஹோங் தியென்சாய் பெட்டிக்குள் படுத்துக்கொண்டே பேசினார் என்று யுன்லின் கடலோரம் முழுக்க ஒரு பேச்சு. மீன் ஏலக்கூடத்தில் கேட்டால் "பசிக்குது" என்றாராம். மாட்ஸு அம்மன் கோவில் வாசலில் கேட்டால் மூத்த மகனை அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசினாராம். பாக்குக்கடையில் அவர் லாட்டரி நம்பர் சொன்னதாகக் கதை. அந்த நம்பரை வாங்கிய இரண்டு பேருக்குச் சல்லிக்காசு விழவில்லை, ஆனாலும் கதையை விடவில்லை. எல்லோரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றுதான். கிழவரின் குரல், வாடகை மகள் மெய்லுவானின் ஸ்பீக்கர் வழியாக வந்தது.

அந்தச் சாவில் டிரம்பெட் ஊதியவன் நான். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் படையல் வைத்த ஒரு சோற்றுக் கிண்ணமும் அவித்த வாத்து முட்டையும்தான் இருந்தன. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ஆனால் மெய்லுவான் எப்படிப்பட்ட பிறவி என்று முதலில் தெரிய வேண்டும்.

அப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. சின்ன வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் அழுகிற கதாநாயகியாகப் பாடினாள். கம்பெனியில் ஜால்ரா தட்டியவன்தான் புருஷன். இளவரசி வேஷக்காரியோடு ஒருநாள் ஓடிப்போனான். தாளக்காரன் என்பதால் சரியான இடம் பார்த்துத்தான் ஓடினான். அவள் மேடையில் நாற்பது நிமிடம் அழ வேண்டிய காட்சி அது. இறங்கி வருவதற்குள் ரயிலே போய்விட்டது. பிறகு கம்பெனியும் கலைந்தது. மெய்லுவான் எங்கள் ஊரில் தங்கி, சாதாரண நாளில் சிப்பி உடைப்பாள், சாவு விழுந்தால் மகளாகப் போவாள்.

அது என்ன மகளாகப் போவது? எங்கள் பக்கம் அப்பன் செத்தால், கட்டிக்கொடுத்த மகள் தெருமுனையிலேயே மண்டி போட்டு, அழுதுகொண்டே ஊர்ந்து பெட்டி வரைக்கும் வர வேண்டும். மகள் இல்லாத வீடு உண்டு. இருந்தும் அழத் தெரியாத மகள் உண்டு. அங்கெல்லாம் மெய்லுவான் போவாள். மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டித் தைத்த முழங்கால் பட்டை, முகத்தை மூடும் சணல் முக்காடு, கையில் மைக். குடும்பத்து மகள் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பெயராகவே மாறிவிடுவாள். கல்லுக்கும் மூக்கு ஒழுகும்.

ஆனால் தன் சொந்த அம்மா செத்தபோது ஒரு சொட்டு விடவில்லை. சுவரில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில், "நீ கூலி குடுக்கிறியா? குடுத்தா இப்பவே ஆரம்பிக்கிறேன்."

இப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு அவளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கே பிடிக்காது. ஒருமுறை என் டிரம்பெட்டைக் கேட்டுவிட்டு, "பன்னிக்கு வலி எடுத்திருக்கு, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்று மைக்கிலேயே சொன்னாள்.

அவளுடைய ஸ்பீக்கர் நாடகக் கம்பெனி கலைந்தபோது கைக்கு வந்தது. நாலு பேருக்குச் சோறு வடிக்கும் குக்கர் அளவு இருக்கும். பட்டையைத் தோளில் மாட்டி இடுப்பில் தொங்கவிட்டு, அது தரையில் இடிக்க இடிக்க ஊர்வாள். எத்தனையோ வருஷம் அது ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பக்கத்தில் எவன் போனுக்காவது அழைப்பு வரப்போகிறது என்றால், போன் மணி அடிக்கும் முன்னாலேயே ஸ்பீக்கருக்குத் தெரிந்துவிடும். டிக்-டிடிக்-டிடிக், பிறகு ட்ர்ர்ர்ர் என்று தகர டப்பாவில் வண்டு மாட்டினது போல ஓர் அலறல். நூடுல்ஸ் கடைக்காரன் அம்மா சாவில், "அம்மா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று மெய்லுவான் உயரத்துக்குப் போன நேரம் வண்டு கத்தியது. வாரிசுகள் எல்லாம் சணல் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அழுகிறார்கள் என்று ஊர் நினைத்தது. மூன்றாவது பேரன் மட்டும் சத்தமாகச் சிரித்து மாட்டிக்கொண்டான்.

சாவுக்கு ஆள் கூட்டும் காண்டிராக்டர் லியாவுக்கு அதிலிருந்து வயிற்றெரிச்சல். முடிக்குக் கறுப்புச் சாயம் அடித்து, வியர்த்தால் கழுத்தில் மை வடியும் ஆள். பெய்காங் ஊரில் சூச்சென் என்று ஒருத்தி கிளம்பியிருந்தாள். வயர் இல்லாத மைக், சக்கரம் வைத்த புது ஸ்பீக்கர், முப்பது வயது. வண்டு வராது.

"நீயும் புதுசு வாங்கேன்" என்று மெய்லுவானிடம் நானே சொல்லிப் பார்த்தேன்.

"வர்றது என் ஸ்பீக்கர்ல இருந்தா? எவனோ பாக்கெட்ல இருந்து. ஊரே நாறினா நான் எதுக்கு மூக்கை மாத்தணும்?" என்றாள். செல்போனும் அவளிடம் கிடையாது. சாவு விழுந்தால் பாக்குக்கடைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். போன் வைத்திருப்பவன் எல்லாம் அவள் கணக்கில் எதிரி.

செத்து இரண்டு வாரம் கழித்து, பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, ஹோங் தியென்சாயை எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் பெரிய வீடு, பந்தல் சந்தை வரைக்கும் நீண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்குத் தெருமுனையில், சிப்பி ஓட்டுக் குவியல் பக்கத்தில், மெய்லுவான் முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது லியாவ் வந்து நின்றான்.

"இங்க பாரு. இன்னைக்கு ஒரு டிக் வந்துச்சுன்னா, நாளையில இருந்து சூச்சென்தான். அடுத்த மூணு சாவுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். உன்னைக் கூப்பிட மாட்டேன், இந்தக் கடலோரத்துல வேற எவனும் கூப்பிட விடவும் மாட்டேன்."

"உன் கழுத்துல மை வடியுது, தொடைச்சிக்க."

"நான் விளையாடல."

"நானும்தான். அந்த வீட்டுல இருக்கற எல்லார் போனையும் புடுங்கி ஒரு டப்பாவுல போட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வை. அப்புறம் ஒரு டிக் வந்தா, நானே ஸ்பீக்கரைத் தூக்கிச் சிப்பிக் குளத்துல போட்டுட்டுப் போறேன்."

லியாவுக்கு இது பிடித்தது. நிலா கேக் டப்பா ஒன்றைக் கொண்டுபோய், மண்டி போட்டிருந்த வரிசையில் நீட்டினான். மகன், மருமகள், பேரன், பேத்தி, பங்காளி என்று பதினெட்டு போன் விழுந்தது. நாங்கள் வாத்தியத்தோடு நின்ற இடத்திலும் நீட்டினான். என் போனும் போனது. மூத்த மகன் ஜின்ச்சி தன் போனை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிப் போட்டான்.

"இதோ, என்னுது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

இந்த ஜின்ச்சிக்கு ஒரே தங்கை, யின்ஹுவா. தைச்சுங் நகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பதினோரு வருஷம் முன்னால் அம்மா செத்தபோது, அத்தனை பேர் முன்னாலும், "உன் பொண்டாட்டி எங்கம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்னா" என்று கத்தியவள் அவள். அன்றே ஜின்ச்சி சத்தியம் பண்ணினான், அப்பா சாவில் இவள் கால் இந்தத் தெருவில் படாது என்று. இப்போது கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்: "சொல்லி விட்டோம். வர முடியாதுன்னுட்டா." கேட்டவர்கள் யின்ஹுவாவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பெற்ற அப்பன் சாவுக்கு வராதவள் என்றால் திட்டுவதற்குச் சொல்லவா வேண்டும்? நானும் திட்டினேன்.

லியாவ் மெய்லுவானிடம் சீட்டைக் கொடுத்தான். யின்ஹுவா என்று எழுதியிருந்தது.

"வராத சிறுக்கிக்கு நான் முழங்காலைத் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டு, பாக்கைத் துப்பி, முக்காட்டை இழுத்துவிட்டு மண்டி போட்டாள். நாங்கள் ஊத ஆரம்பித்தோம்.

"அப்பா! உங்க மக யின்ஹுவா வந்துட்டேன் அப்பா! வழியெல்லாம் தேடி வந்தேனே, வாசல்ல உங்க செருப்பு இருக்கே, செருப்புக்குள்ள கால் இல்லையே!"

சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு நன்றாக இருந்தது. பந்தலுக்குள் நுழைந்தாள். பெட்டிக்கு இருபது அடி இருக்கும்.

டிக்-டிடிக்-டிடிக். ட்ர்ர்ர்ர்.

லியாவின் முகத்தை நான் பார்த்தேன். சந்தோஷம் மாதிரி இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து அவள் பக்கத்தில் குனிந்தான்.

"முடிஞ்சுது. எல்லா போனும் டப்பாவுல, டப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம். இப்ப எவன் பாக்கெட்டைச் சொல்லுவ?"

வண்டு நின்றது. மெய்லுவான் முக்காட்டுக்குள்ளிருந்து அவனுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னாள். அதை எழுத முடியாது. அவன் தாயாரைப் பற்றியது. பிறகு மறுபடி அழ ஆரம்பித்தாள். ஆனால் இந்த முறை நேராகப் பெட்டிக்குப் போகவில்லை.

வாடகை மகளுக்கு ஒரு சலுகை உண்டு. பெட்டியைக் கட்டிப் பிடிக்கலாம், வரிசையில் மண்டி போட்டிருக்கும் சொந்தத்தையும் கட்டிப் பிடித்து அழலாம். மெய்லுவான் வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொருவர் மேலும் விழுந்து, ஸ்பீக்கர் அவர்கள் மடியில் இடிக்கும்படி கட்டிப் பிடித்தாள்.

"சித்தி! நீங்களாவது சொல்லக் கூடாதா!"

ஸ்பீக்கர் சும்மா இருந்தது. சித்தியை விட்டாள்.

"அண்ணன் மகனே! தாத்தாவைத் தேடுவியே கண்ணு!"

சும்மா இருந்தது. அவனையும் விட்டாள். அப்போது மறுபடி டிக்-டிடிக். சத்தம் இடப்பக்கம் திரும்பும்போது பெரிதாயிற்று. அழுதுகொண்டே இடப்பக்கம் ஊர்ந்தாள். அண்ணி மேல் விழுந்தாள், வண்டு அலறியது. அண்ணியைத் தாண்டினாள், பந்தலே அதிர்ந்தது. அங்கே ஜின்ச்சி மண்டி போட்டிருந்தான்.

"அண்ணா!" என்று அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"விடு" என்றான் ஜின்ச்சி, உதட்டை அசைக்காமல்.

"அண்ணா! தங்கச்சி மேல என்ன கோவம் அண்ணா!"

"விடுடி, கூலி அழுவாச்சி. கயித்தைப் புடிச்சு இழுக்காத."

எழுந்து போக அவனால் முடியாது. மகள் அழுது முடிக்கும் வரைக்கும் மூத்த மகன் முழங்காலை எடுத்தால் அப்பனுக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் மண்டியிலேயே நெளிந்தான். மெய்லுவான் கை சணல் உடுப்புக்குள் போனது. இடுப்புக் கயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு போனை உருவி வெளியே எடுத்தாள்.

பெரிய பெரிய எண் போட்ட கிழவர் போன். ஊரில் எல்லோருக்கும் அதைத் தெரியும். ஹோங் தியென்சாய்க்குக் காது பாதி கேட்காது. பேசுகிறவர் குரல் தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கூப்பிடுவாள். அணைத்து வைத்தால் அவள் பதறிக் கிளம்பி வந்துவிடுவாள் என்று ஜின்ச்சி அதை அணைக்கவில்லை. எடுக்காமல் விட்டால் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். வேறு யாரும் எடுக்காதபடி இடுப்பில் செருகி, மணி அடிக்காமல் செய்துவிட்டால் போதும் என்பது அவன் கெட்டிக்காரத்தனம். மணி அடிக்காத போனும் ஸ்பீக்கரை அலற வைக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது?

மெய்லுவான் போனை ஒரு கையில் தூக்கி லியாவிடம் காட்டினாள். "பாத்தியாடா, மை வடிஞ்சான்? என் ஸ்பீக்கரா? என் ஸ்பீக்கரா?"

மைக் இன்னொரு கையில் திறந்தே இருந்தது. ஊரே கேட்டது. போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கட்டைவிரல் ஒரு பட்டனை அழுத்தியது. வண்டின் இரைச்சலுக்கு நடுவே, மைக் பக்கத்தில் இருந்த போனிலிருந்து ஒரு குரல் ஸ்பீக்கருக்குள் போய்ப் பந்தல் முழுக்க விழுந்தது.

"அப்பா? ஏம்ப்பா போனே எடுக்கல? ரெண்டு வாரமா கூப்பிடுறேன். அண்ணிகிட்ட கேட்டா கோவில் டூர் போயிருக்கீங்கன்றா. அப்பா, கஞ்சி குடிச்சீங்களா?"

பெண் குரல். நல்ல தெளிவான பெண் குரல். எங்கள் ஊர்க்காரன் காதில் அது எப்படிக் கிழவர் குரலாக ஏறியது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு "அப்பா", "கஞ்சி" என்று ஏதோ கேட்டிருக்கும். பெட்டிக்கு முன்னால் ஸ்பீக்கர் தானாகப் பேசினால் வேறு யார் பேசியதாக நினைப்பார்கள்?

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. கிழவரின் தம்பி, பெட்டிக்கு ஆணி அடிக்க வேண்டியவர், கையில் சிவப்புத் துணி கட்டிய கோடரியோடு நின்றுகொண்டிருந்தார். ஜின்ச்சியைப் பார்த்தார்.

"சொல்லி விட்டேன்னியே?"

ஜின்ச்சி பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவள் முந்திக்கொண்டாள். "மாமா, பத்து நாப்பதுக்கு ஆணி அடிக்கணும், பஞ்சாங்கத்துல நேரம் போயிடும்..."

"உன் பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் கோழிக் கூண்டுல விரிச்சுப் போடு." கோடரியைத் தரையில் போட்டுவிட்டு, அவர் பெட்டிக்கு முன்னாலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அடிக்காமல் வேறு எவனும் அந்த ஆணியைத் தொட முடியாது.

போனில் இன்னும், "அப்பா? யாரு அங்க? யாரு மைக்ல பேசறது?" என்று வந்துகொண்டிருந்தது. மெய்லுவான் போனைக் கிழவரின் தம்பி மடியில் எறிந்தாள்.

லியாவ் அவளை அங்கேயே வேலையை விட்டு நீக்கினான். ஸ்பீக்கருக்காக இல்லை, பெரிய வீட்டு மகனின் இடுப்பில் கைவிட்டதற்காக. "சூச்சென் வருவா. நீ சிப்பி உடைச்சே சாவு" என்றான்.

யின்ஹுவா வர இரண்டு மணி நேரம் ஆனது. தெருமுனையில் காரை விட்டு இறங்கியவள் மண்டி போட்டாள். பட்டை இல்லை, முக்காடு இல்லை, மைக் இல்லை. சிப்பி ஓட்டுத் துண்டு மேலேயே ஊர்ந்து வந்தாள். அழுகை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நாய் மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம்தான். பெட்டிக்கு முன்னால் வந்தபோது முழங்கால் சிவப்பாக இருந்தது. எல்லாம் முடிந்து எழுந்தவள் அண்ணனிடம் போகவில்லை. கூலிக்காகப் பந்தல் ஓரத்தில் காத்திருந்த மெய்லுவானிடம் நேராக வந்தாள்.

"என் பேரைச் சொல்லி அழுதது நீதானே?"

"சீட்டுல எழுதிக் குடுத்தாங்க."

"எழுதிக் குடுத்தா அழுதுடுவியா? என் அப்பாவை நீ 'அப்பா'ன்னு கூப்பிட்டியா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரை ஓர் உதை விட்டாள். முன் வலை உள்ளே போனது. மெய்லுவான் குனிந்து வலையைத் தடவிப் பார்த்தாள். அவள் பதிலுக்கு ஏசாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாளில் பெட்டிக்குள்ளிருந்து பேசிய கதை கடலோரம் முழுக்கப் பரவிவிட்டது. சாவு வீடுகளிலிருந்து லியாவுக்கு ஒரே தகவல்: அந்தப் பேசுகிற ஸ்பீக்கர்க்காரிதான் வேண்டும், சூச்சென் வேண்டாம். அவன் கழுத்தில் மை வடிய வடியப் பாக்குக்கடைக்கு ஓடி வந்தான். மெய்லுவான் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளே போன வலையைக் கரண்டியால் நெம்பிக்கொண்டிருந்தாள். நான் பாக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"லுவான் அக்கா," என்றான். அக்கா! "சூச்சென்னை நிறுத்திட்டேன். எல்லா சாவும் உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, யாராவது கேட்டா, ஆமா பேசினாருன்னு மட்டும் சொல்லிடு. இல்லன்னு சொன்னியோ, மறுபடியும் சூச்சென்தான்."

அவனோடு ஒரு பெண் வந்திருந்தாள். சிஹூ ஊர்க்காரி, புருஷன் செத்து நாலு நாள். மெய்லுவானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு. ஹோங் தாத்தாவைப் பேச வெச்ச மாதிரி அவரையும்..."

லியாவ் பின்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினான். மெய்லுவான் கரண்டியைக் கீழே வைத்தாள். பாக்குச் சாற்றை டம்ளரில் துப்பினாள். கையை உருவிக்கொண்டாள்.

"இந்தாம்மா. கிழவன் பேசல. செத்தவன் எப்படிப் பேசுவான்? பேசினது அவன் மக, போன்ல. அந்தப் பொண்ணுக்காக நான் ஒண்ணும் பண்ணவும் இல்ல, அவளை நானும் வராத சிறுக்கின்னுதான் ஏசினேன். அந்த எழவு போனை அணைக்கத்தான் அமுத்துனேன். சிவப்பு எது, பச்சை எதுன்னு எனக்குத் தெரியல, பச்சையை அமுத்திட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு. உன் புருஷனுக்கு அழணும்னா வர்றேன், போனையெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டுக் கூப்பிடு."